வாடகை வீடும் சட்டம் தடுத்த கட்டணங்களும்



2019ஆம் ஆண்டு யூன் மாதத்திற்கு முன்னர் இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு எடுத்த குடும்பங்கள், வீட்டுச் சாவியைக் கையிற் பெறுவதற்குள் எத்தனை பெயர்களிற் பணம் கட்டின என்பதை எளிதில் மறந்திருக்க மாட்டா. விண்ணப்பப் படிவத்திற்கு ஒரு கட்டணம். பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒரு கட்டணம். பிணை நிற்பவரைச் சரிபார்க்க வேறொன்று. ஒப்பந்தப் பத்திரம் எழுத ஒன்று. வீட்டிலுள்ள கட்டில், கதிரை, திரைச்சீலை ஆகியவற்றைப் பட்டியலிட ஒன்று. குடிபுகும் நாளில் ஒன்று. வெளியேறும் நாளில் இன்னொன்று. ஓராண்டு முடிந்து அதே வீட்டில், அதே வாடகைக்கு, அதே சுவர்களுக்குள் தொடர்ந்து இருப்பதற்குங்கூட 'புதுப்பித்தற் கட்டணம்' என்று ஒன்று இருந்தது. ஒரு பத்திரத்தில் ஆண்டை மட்டும் மாற்றி அச்சிடுவதற்கு அவ்வளவு பணமா என்று கேட்டவர்கள் சிலர். கேட்டால் வீடு கைநழுவிவிடும் என்று அஞ்சிக் கட்டியவர்கள் பலர்.

அந்த அச்சத்திற்குப் பாராளுமன்றம் அளித்த விடைதான் 2019ஆம் ஆண்டின் வாடகையாளர் கட்டணச் சட்டம். ஆங்கிலத்தில் அது 'ரெனன்ற் ஃபீஸ் அக்ற்' எனப்படும். முகவருடன் பேசும்போதும் கடிதம் எழுதும்போதும் அந்தப் பெயரைச் சொல்வதே பயன் தரும் என்பதால், அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 2019 யூன் 1ஆம் திகதி முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 யூன் 1ஆம் திகதி முதல் அதற்கு முன்பே கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தங்களுக்கும் அது செல்லுபடியாகிறது. சட்டம் வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும், அது தடுத்த கட்டணங்கள் புதிய பெயர்களிற் கேட்கப்படுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் அவற்றைக் கட்டவும் செய்கின்றன. இவ்வுரை அதன் பொருட்டே.

இச்சட்டத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மற்றவையெல்லாம் அதிலிருந்து தாமே விளங்கும். பொதுவாகச் சட்டங்கள் இன்னின்ன செய்யலாகாது என்று பட்டியலிடும். இச்சட்டமோ மறுபுறமாக நிற்கிறது. வீட்டு உரிமையாளரோ முகவரோ எவற்றுக்குப் பணம் கேட்கலாம் என்று ஒரு சிறு பட்டியலைத் தந்துவிட்டு, அதில் இல்லாத எதற்கும் கேட்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒரு கட்டணத்திற்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியமன்று. 'நிருவாகச் செலவு' என்றாலும், 'கோப்புத் திறப்பு' என்றாலும், 'சேவைக் கட்டணம்' என்றாலும் கேள்வி ஒன்றே: அது பட்டியலில் உண்டா? இல்லையெனின் அது தடைசெய்யப்பட்ட கட்டணம்.

அந்தப் பட்டியலில் உள்ளவை இவை. வாடகை; திருப்பித் தரப்படும் வைப்புப் பணம்; வீட்டை ஒதுக்கி வைப்பதற்கான முன்பதிவுப் பணம்; வாடகையாளரே கேட்டு ஒப்பந்தத்தை மாற்றும்போதோ முன்கூட்டியே முடித்துக்கொள்ளும்போதோ ஏற்படும் செலவு; ஒப்பந்தப்படி வாடகையாளர் செலுத்த வேண்டிய கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் கட்டணங்கள்; கடைசியாக, வாடகை பிந்தினாலோ சாவி தொலைந்தாலோ விதிக்கக்கூடிய ஒரு சிறு தொகை. இவ்வளவுதான். வீட்டைப் பார்வையிடுவதற்கு, பின்னணிச் சரிபார்ப்புக்கு, இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் உரிமையைச் சரிபார்ப்பதற்கு, பொருட்பட்டியலுக்கு, ஒப்பந்தம் எழுதுவதற்கு, பிணையாளியைச் சேர்ப்பதற்கு என்று எதற்கும் ஒரு பென்ஸ்கூடக் கேட்க முடியாது. இன்னாரிடமே காப்புறுதி எடுக்க வேண்டும், இன்ன நிறுவனத்தைக் கொண்டே துப்புரவு செய்விக்க வேண்டும் என்று மூன்றாம் தரப்பினரிடம் பணம் கட்டும்படி நிபந்தனை விதிப்பதும் இதே தடைக்குள் வருகிறது.

'ஒப்பந்தத்திற் கையெழுத்து வைத்தாயிற்றே, இனி என்ன செய்வது?' என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கையெழுத்து, தடைசெய்யப்பட்ட கட்டணத்தைச் செல்லுபடியாக்காது. ஒப்பந்தத்தில் அப்படியொரு வாசகம் இருப்பின் அந்த வாசகம் மட்டும் வாடகையாளரைக் கட்டுப்படுத்தாது. ஏனைய பகுதி அப்படியே நிற்கும். அதனால் வீட்டை இழந்துவிடுவோமோ என்று கலங்க வேண்டியதில்லை.

இச்சட்டம் யாருக்கு உரியது? தனியார் வீடுகளில் வாடகைக்கு இருப்போர், மாணவர் விடுதிகளில் இருப்போர் ஆகியோர் மட்டுமல்லர். உரிமையாளர் வாழும் வீட்டிலேயே ஓர் அறையை எடுத்துத் தங்குவோரும் இதற்குள் அடங்குவர். லண்டனிற் புதிதாக வந்திறங்கும் தமிழ் மாணவர்களும் தொழிலாளர்களும் பெரும்பாலும் இவ்வாறுதான் தங்கள் வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். 'இது முழு வீடன்று, அறைதானே, சட்டமெல்லாம் இதற்கு இல்லை' என்று சொல்லப்படுமாயின் அது சரியன்று. வாடகையாளருக்காகப் பிணை நிற்கும் மாமாவோ, பணம் கட்டும் அண்ணனோ இதே பாதுகாப்பைப் பெறுகின்றனர். அவர்களிடமிருந்தும் தடைசெய்யப்பட்ட கட்டணத்தை வாங்க முடியாது. கவுன்சில் வீடுகளிலும் வீட்டுவசதிச் சங்கங்களின் சமூக வீடுகளிலும் இருப்போருக்கு வேறு விதிகள் உண்டு. வேல்சில் 2019 செப்ரெம்பர் 1 முதல் அதற்கெனத் தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஸ்கொற்லாந்திலோ இத்தகைய கட்டணங்கள் அதற்கும் முன்பே தடைசெய்யப்பட்டவை. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ உள்ள உறவினருக்கு இவ்வுரையில் வரும் தொகைகளை அப்படியே எடுத்துச் சொல்லிவிடக் கூடாது.

இனி வைப்புப் பணம். இங்குதான் பெருந்தொகை இருக்கிறது. இங்குதான் கணக்கும் தவறுகிறது.

ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைவாயின், வைப்புப் பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. 50,000 பவுணும் அதற்கு மேலுமாயின் ஆறு வாரம். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்து வாரம் என்ற வரம்பே பொருந்தும். ஆனால் ஒரு வார வாடகை என்பது மாத வாடகையை நான்கால் வகுப்பது அன்று. மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி ஐம்பத்திரண்டால் வகுக்க வேண்டும். மாதம் 1,500 பவுண் வாடகையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக்கு 18,000 பவுண். ஐம்பத்திரண்டால் வகுத்தால் வாரத்திற்கு 346 பவுண் 15 பென்ஸ். ஐந்து வாரத்திற்கு ஏறத்தாழ 1,730 பவுண். நான்கால் வகுத்துக் கணக்கிட்டால் வாரத்திற்கு 375 பவுணும் ஐந்து வாரத்திற்கு 1,875 பவுணும் வரும். இரண்டுக்கும் இடையே 144 பவுணுக்கு மேல் வேறுபாடு. 'ஒன்றரை மாத வாடகை' என்ற பழைய வழக்கத்தைப் பின்பற்றினாலோ 2,250 பவுண். அதாவது 519 பவுண் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கப்பட்டதாகும். ஒரு குடும்பத்திற்கு அது பல வார மளிகைச் செலவு.

சென்னையிற் பத்து மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஐந்து வாரம், ஒன்றரை மாதம் என்ற வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீடு எடுத்தவர்களுக்கும் பெருந்தொகை முற்பணம் புதிதன்று. ஊரில் கண்டதைவிடக் குறைவு என்ற நிறைவிலேயே அவர்கள் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். ஒப்பிட வேண்டியது ஊர் வழக்கத்தோடு அன்று, இந்நாட்டுச் சட்டத்தோடு.

செல்லப்பிராணி வளர்ப்பதற்கென்றோ, குழந்தைகள் இருப்பதற்கென்றோ, தளபாடங்கள் உள்ளன என்றோ தனி வைப்புப் பணம் கேட்டால், அதுவும் இதே ஐந்து வார வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும். வரம்பைச் சுற்றிப் போக இன்னொரு வழியும் முயலப்பட்டது: முதல் மாத வாடகையை மட்டும் உயர்த்திவிட்டுப் பின்னர் குறைத்துக்கொள்வது. அதையும் சட்டம் முன்பே கண்டு தடுத்துவைத்திருக்கிறது. அவ்வாறு கூட்டி வாங்கிய பகுதி தடைசெய்யப்பட்ட கட்டணமாகவே கருதப்படும். வைப்புப் பணத்துக்குப் பதிலாக ஒரு நிறுவனத்திற்குச் சிறு தொகை கட்டினாற் போதும் என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அவற்றை விரும்பியவர் ஏற்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஏற்பவர் ஒன்றை அறிந்து ஏற்க வேண்டும்: அந்தச் சிறு தொகை திரும்பி வராது, வீட்டிற் சேதம் ஏற்பட்டால் அதற்கான பொறுப்பும் நீங்காது.

கொடுத்த வைப்புப் பணம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இது 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், 2007 ஏப்பிரல் 6 முதல் உள்ள விதி. பணம் கிடைத்த 30 நாட்களுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றில் அதை உரிமையாளர் பாதுகாக்க வேண்டும். எத்திட்டம், எவ்வளவு, எவ்வாறு திரும்பப் பெறுவது என்ற விபரங்களையும் எழுத்தில் தர வேண்டும். டிப்பொசிற் புரொரெக்சன் சேவிஸ், மைடிப்பொசிற்ஸ், ரெனன்சி டிப்பொசிற் ஸ்கீம் என்பவையே அம்மூன்றும். மூன்றின் இணையத்தளங்களிலும் தம் பணம் பதிவாகியுள்ளதா என்று வாடகையாளரே தேடிப் பார்க்கலாம். பாதுகாக்கத் தவறிய உரிமையாளருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், வைப்புப் பணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடும். உரிமையாளரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்குவோருக்கு மட்டும் இப்பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது. அவர்கள் கொடுக்கும் பணத்திற்குத் தொகை வரம்பு உண்டு. ஆனால் பணத்தை ஒரு திட்டத்தில் இடும் கடமை உரிமையாளருக்கு இல்லை. எனவே அவர்கள் எழுத்திற் பற்றுச்சீட்டுப் பெறுவது இரட்டிப்பு அவசியம்.

வீட்டை விட்டு வெளியேறும்போது எழும் பிணக்குகளிற் பெரும்பங்கு துப்புரவைப் பற்றியது. 'தொழில்முறைத் துப்புரவுக்கு 250 பவுண் கழிக்கப்படும்' என்ற வாசகம் இன்றும் சில ஒப்பந்தங்களிற் காணப்படலாம். அதற்கு வலு இல்லை. குடிபுகுந்த நாளில் வீடு எவ்வளவு தூய்மையாக இருந்ததோ அவ்வளவு தூய்மையாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே சரியான நிபந்தனை. அதை யார் செய்கிறார்கள், கூலி கொடுத்தா கொடுக்காமலா என்பது வாடகையாளரின் விருப்பம். தமிழ்ச் சமையலறையின் உண்மைகளை இங்கு மறைத்துப் பயனில்லை. தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு அடுப்பின் மேலுள்ள காற்றிழுப்பியிற் படியும். மஞ்சட் கறை வெண்ணிற மேற்பலகையில் ஏறும். இவை சேதமென்று வாதிடப்படும். குடிபுகும் நாளிலேயே அடுப்பு, காற்றிழுப்பி, தரைவிரிப்பு, குளியலறை மூலைகள் ஆகியவற்றைத் திகதி தெரியும்படி படம் எடுத்து மின்னஞ்சலில் முகவருக்கும் அனுப்பி வைத்தவருக்கு, வெளியேறும் நாளில் வாதம் எளிது. சாதாரணப் புழக்கத்தால் ஏற்படும் தேய்மானத்திற்குக் கழிவு செய்ய முடியாது. உண்மையான சேதத்திற்குச் செய்யலாம். உடன்பாடு ஏற்படாவிடில் பாதுகாப்புத் திட்டமே இலவசமாகப் பிணக்கைத் தீர்த்துவைக்கும்.

ஹோல்டிங் டிப்பொசிற் எனப்படும் முன்பதிவுப் பணம் வேறு. அதை வைப்புப் பணத்தோடு குழப்பக் கூடாது. ஒரு வீடு பிடித்துப்போய், சரிபார்ப்பு முடியும்வரை அதை வேறொருவருக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வாங்குவது அது. ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன 1,500 பவுண் வீட்டுக்கு 346 பவுண் 15 பென்ஸ். ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஒருவரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். ஐந்து குடும்பங்களிடம் வாங்கிவைத்து ஒன்றைத் தெரிவு செய்வது சட்டவிரோதம். வேறு நாள் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்படாவிடின், பணம் கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்பந்தம் முடிவாக வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தானாலோ, உரிமையாளர் மறுத்தாலோ, அந்தக் கெடு கடந்தாலோ ஏழு நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். வாடகையாளர் சம்மதித்தால் முதல் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

உரிமையாளர் அப்பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளக்கூடிய காரணங்கள் நான்கே. வாடகையாளர் தாமாக விலகினால். பொய்யான அல்லது தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் தகவல் தந்தால். வாடகைக்கு இருக்கும் உரிமை இல்லையென்று சரிபார்ப்பிற் தெரியவந்தால். ஒப்பந்தத்தை முடிப்பதற்கு நியாயமாகச் செய்ய வேண்டியவற்றைச் செய்யாது காலங்கடத்தினால். இவற்றுள் இரண்டாவதுதான் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒரு கணவனும் மனைவியும் தம் வருமானத்தை உள்ளபடி எழுதிக்கொடுக்கின்றனர் என்று வைத்துக்கொள்ளலாம். கணவர் மளிகைக் கடையில், மனைவி முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. சரிபார்க்கும் நிறுவனம், இந்த வருமானம் இவ்வாடகைக்குப் போதாது என்கிறது. முகவர் 'சரிபார்ப்பில் தோற்றுவிட்டீர்கள், பணம் திரும்பாது' என்கிறார். இது தவறு. வருமானம் குறைவு என்பது பொய் சொன்னதாகாது. அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். உரிமையாளர் வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஆகவே பணம் முழுவதும் திரும்ப வேண்டும். எதிர்மறையாக, வேலை இல்லாதவர் இருக்கிறது என்று எழுதினால் அப்பணத்தை இழப்பார். இந்த இடத்தில் ஆங்கிலப் படிவத்தை நண்பரோ தரகரோ நிரப்பிக் கொடுப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் 'கொஞ்சம் கூட்டிப் போட்டேன்' என்று நல்லெண்ணத்தோடு எழுதிய எண்ணுக்குப் பொறுப்பாளி கையெழுத்து வைத்தவரே.

பணத்தை வைத்துக்கொள்பவர் அதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிடின், உண்மையிலேயே காரணம் இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். தொலைபேசியிற் சொன்னது எழுத்தாகாது.

வாடகை பிந்தினால் என்ன? பதினான்கு நாட்கள் கடந்த பின்னரே எதையும் விதிக்க முடியும். அதுவும் வட்டி மட்டுமே: இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி வீதத்தோடு மூன்று வீதம் சேர்த்து, ஆண்டு வீதமாக, பிந்திய நாட்களுக்கு மட்டும். அடிப்படை வீதம் நான்கு என்று உதாரணத்திற்குக் கொண்டால் மொத்தம் ஏழு வீதம். 1,500 பவுண் வாடகை இருபது நாட்கள் பிந்தினால் வட்டி ஆறு பவுணுக்கும் குறைவு. நினைவூட்டற் கடிதம் ஒன்றுக்கு 30 பவுண், தொலைபேசி அழைப்புக்கு 20 பவுண் என்று விதிப்பதற்கு இடமே இல்லை. தொலைந்த சாவிக்கு நியாயமான செலவை, பற்றுச்சீட்டைக் காட்டி, வாங்கலாம். இவ்விரண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரை நீக்கி மற்றொருவரைச் சேர்ப்பது போன்ற மாற்றங்களை வாடகையாளரே கேட்டால் 50 பவுண் வரை வாங்கலாம். அதற்கு மேல் செலவானதென்றால் அதை உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். அறை வாடகைக்கு இருப்போரிடம் மின்சாரத்திற்கென்று தனியே வாங்கும்போது, தாம் வழங்குநருக்குக் கட்டும் விலைக்கு மேல் வைத்து விற்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை. அது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் வகுத்த விதி.

2025 ஒக்ரோபர் 27ஆம் திகதி அரச ஒப்புதல் பெற்ற வாடகையாளர் உரிமைச் சட்டம் இவற்றோடு மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் 2026 மே 1ஆம் திகதி நடைமுறைக்கு வருவன. அத்திகதி முதல், ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னர் வாடகைப் பணம் கேட்கவோ ஏற்கவோ கூடாது. கைச்சாத்தான பின், குடிபுகுவதற்கு முன், ஒரு மாத வாடகை மட்டுமே முற்பணமாகக் கேட்கலாம். இந்நாட்டிற் கடன் வரலாறு இல்லாதவர்களிடமும், பிணை நிற்க ஆளில்லாதவர்களிடமும் ஆறு மாத வாடகையை ஒன்றாகக் கட்டும்படி கேட்பது பரவியிருந்தது. நகைகளை அடகு வைத்தும், சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்தும், உறவினரிடம் வட்டிக்கு வாங்கியும் அத்தொகையைத் திரட்ட நேர்ந்த குடும்பங்களுக்கு இது மிகப் பெரிய மாற்றம். விளம்பரத்திற் குறித்த வாடகைக்கு மேல் கேட்பதும், வாடகையாளர் தாமாகக் கூட்டித் தர முன்வந்தால் அதை ஏற்பதும் அதே நாள் முதல் தடை. 'மற்றவரைவிட ஐம்பது பவுண் கூட்டித் தருகிறேன்' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. நிலையான காலத்துக்கான ஒப்பந்தங்கள் ஒழிந்து, எல்லாம் தொடர்ந்து செல்லும் ஒப்பந்தங்களாவதால், ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்பதே அற்றுப்போகிறது. வாடகையாளர் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து விலகலாம்.

இச்சட்டங்கள் இருந்தும் ஏன் பணம் கட்டப்படுகிறது என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தமிழருக்குத் தமிழரே வீடு கொடுக்கும்போது பெரும்பாலும் ஒப்பந்தம் வாய்மொழி. பணம் கையிற் கை. பற்றுச்சீட்டுக் கேட்பது நம்பிக்கையின்மையாகக் கருதப்படுகிறது. வீட்டுக்காரர் ஒரே ஊரவர், கோயிலில் தினம் காண்பவர், பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளியிற் படிக்கின்றனர். அவரிடம் போய் ஐந்து வாரக் கணக்குப் பேசுவது எப்படி? வீடு காட்டிய தரகருக்கு ஒரு மாத வாடகையை 'சந்தோஷமாக' வாங்கிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. உரிமையாளரின் சார்பில் வீடு தேடிக் கொடுப்பவர், பலகை தொங்கவிட்ட அலுவலகம் இல்லாதவராயினும், சட்டத்தின் பார்வையில் வாடகை முகவரே. அவருக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சந்தோஷமும் தடைசெய்யப்பட்ட கட்டணமே. ஊர் உறவு சட்டத்திலிருந்து விலக்களிப்பதில்லை. வீட்டு உரிமையாளர்களுட் பலர் இச்சட்டத்தை அறியாமலே மீறுகின்றனர் என்பதும் உண்மை. அத்தகையவருக்கு மரியாதையாக எழுதப்பட்ட ஒரு கடிதமே போதுமானதாக இருக்கும். 'ஐயா, இக்கட்டணம் சட்டத்தில் அனுமதிக்கப்படவில்லை என்று அறிகிறோம், திருப்பித் தந்தால் நன்று' என்று எழுதுவதால் உறவு முறிந்துவிடப் போவதில்லை. இவ்வரங்கிலேயே வீட்டு உரிமையாளர்களும் சிலர் அமர்ந்திருக்கக் கூடும். அவர்களும் இக்கணக்கை ஒருமுறை தம் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. சட்டம் இயற்றப்பட்டபோது அது வகுத்த தண்டம், முதல் மீறலுக்கு 5,000 பவுண் வரை. ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் மீறினால் அது குற்றம், வழக்குக்குப் பதிலாக 30,000 பவுண் வரை தண்டம்.

கடிதத்தால் பணம் திரும்பாவிடின் வழிகள் உண்டு. முகவர்கள் அனைவரும் 2014 ஒக்ரோபர் முதல் ஒரு குறைதீர் திட்டத்தில் உறுப்பினராக இருக்கக் கடமைப்பட்டவர்கள். அங்கு இலவசமாக முறையிடலாம். கவுன்சிலின் வர்த்தகத் தரப் பிரிவுக்கு இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கடமை உண்டு; விசாரித்துத் தண்டம் விதிக்கவும், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் செய்யவும் அதற்கு அதிகாரமுண்டு. வாடகையாளர் தாமே முதனிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கு வழக்கறிஞர் இல்லாமலே வழக்கை எடுத்துரைக்க முடியும்.

'முறையிட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களே' என்பதே கடைசித் தடை. இந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்லிவிட முடியாது. காரணம் கூறாமல் வெளியேற்ற வழிவகுத்த 21ஆம் பிரிவு நெடுங்காலம் இருந்தது. ஆயினும் தடைசெய்யப்பட்ட கட்டணத்தை வாங்கி வைத்திருக்கும் உரிமையாளர், அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அப்பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 2026 மே 1 முதல் 21ஆம் பிரிவே நீக்கப்படுகிறது. அதன்பின் சட்டம் ஏற்ற ஒரு காரணத்தை நீதிமன்றத்தில் நிறுவினாலன்றி வெளியேற்ற முடியாது. தடைசெய்யப்பட்ட கட்டணத்தை மீளக் கேட்டது அத்தகைய காரணங்களுள் ஒன்றன்று. அதே வேளை, கட்டணப் பிணக்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைப்பது பெருந்தவறு. வாடகை நிலுவை வெளியேற்றத்துக்குரிய காரணம் ஆகும். பிணக்கு ஒருபுறம் நடக்கட்டும். வாடகை மாதந்தோறும் வங்கி வழியாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

கவுன்சிலின் ஆலோசனைப் பிரிவுக்கு வருவோர் ஒப்பந்தத்தின் பிரதி, வங்கிக் கூற்றுகள், முகவரோடு பரிமாறிய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் பணம் கொடுத்த நாளும் தொகையும் உடனிருந்தவர் பெயரும் ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பினும் போதும். கைப்பேசியிலுள்ள செய்திகளை அழிக்காமல், திகதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடலாம்; பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மறித்து மொழிபெயர்ப்புக்கு அழைத்துவர வேண்டியதில்லை.